தானாகச் சுழலும் தட்டு

நெட்ரா தர்குட்டை அவள் கொழுந்தன் டெல்வின் மன்னித்துவிட்டான். அதை வீட்டுக்கு வந்து காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். சர்ச்சில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி சொன்னான்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஷெல்லி என்ற அந்தச் சிற்றூரில் எல்லாரும் வயிற்றைக் காயப் போட்டுக்கொண்டுதான் சர்ச்சுக்கு வருவார்கள். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. மனதில் பட்டதை யார் வேண்டுமானாலும் எழுந்து போய்ச் சொல்லலாம். பசியோடு இருக்கிறவன் சீக்கிரம் முடிப்பான் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். டெல்வினிடம் அந்தக் கணக்குப் பலிக்கவில்லை. கட்டைவிரலில் தடியாகக் கட்டு, கன்னத்தில் தையல், முகத்தில் சொர்க்கத்துக்கே போய்த் திரும்பியவனின் களை.

"ஒரு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தா என் கண்ணு போயிருக்கும். பரலோகப் பிதா காப்பாத்தினார்" என்றான். மூக்கை உறிஞ்சினான். "இன்னொண்ணும் சொல்லணும். அந்தத் தோட்டாவை நிரப்பினது வேற யாருமில்ல, என் சொந்த அண்ணன் பொண்டாட்டி. சகோதரி நெட்ரா மேல எனக்குத் துளி வருத்தம் இல்ல. நான் மனசார மன்னிச்சுட்டேன். நீங்களும் மன்னிச்சுடுங்க."

அத்தனை தலையும் மூன்றாம் வரிசைக்குத் திரும்பின. நெட்ராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்ல், அவள் புருஷன், அவள் கையைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொடுத்தான். பொறுத்துக்கோ என்று அர்த்தம். அவளும் பொறுத்துக்கொண்டாள். அந்தக் கையை அப்போதே உதறியிருக்க வேண்டும் என்பது பிற்பாடுதான் அவளுக்குத் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஊருக்கு வெளியே, எரிமலைப் பாறைக்காட்டை ஒட்டி, துப்பாக்கிக் கிளப்பின் மைதானம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே இரும்புப் பலகைகளை நிறுத்தி வைத்துப் போட்டி. ஜூலையில் ஒரு சனிக்கிழமை, டெல்வினின் பழைய ரிவால்வர் அவன் கையிலேயே வெடித்தது. தோட்டாக்களைச் செருகும் உருளையின் மேல்பாதி பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரே தோட்டாவில் இரண்டு மடங்கு வெடிமருந்து இருந்தால் மட்டுமே அப்படி ஆகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மிச்சத் தோட்டாக்களை டப்பாவிலிருந்து கொட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றின் அடியிலும் பச்சை மை கோடு. சுட்டபிறகு தரையில் சிதறும் பித்தளைக் கூடுகளில் தன்னுடையது எது என்று தெரிய ஆளுக்கு ஒரு நிறத்தில் கோடு போட்டுக்கொள்வார்கள். பச்சை, நெட்ராவின் நிறம்.

சுட்ட கூட்டைத் துடைத்து, அடியில் பொறி தட்டுகிற புது பிரைமர் பொருத்தி, மருந்து போட்டு, ஈயக்குண்டை அழுத்தி மறுபடியும் தோட்டாவாக்குவது அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் நடக்கிற வேலை. கற்றுக்கொள்கிற முதல் நாளே ஒரு சட்டம் சொல்லித் தருவார்கள்: அடுத்தவன் நிரப்பியதைச் சுடாதே. எல்லாரும் தலையாட்டுவார்கள். அப்புறம் நெட்ராவிடம் வந்து, எனக்கு ஒரு டப்பா போட்டுக் குடேன் என்று பல்லைக் காட்டுவார்கள். காரணம், அவள் தோட்டா அவ்வளவு சுத்தம். மருந்து விழுந்த ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைப்பாள். நிரப்புகிற அறைக்குள் போன் கிடையாது, ரேடியோ கிடையாது, வெர்லும் கிடையாது. போனைச் சமையலறையில், ரொட்டி டப்பாவின் மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

அப்படிப்பட்டவளைப் பற்றித்தான், பேச்சு சுவாரசியத்தில் ரெண்டு தரம் மருந்து போட்டுட்டா போல என்று சொன்னார்கள். கிளப்பை நடத்துகிற லமார் டோல்மன் மறுநாளே ஒரு அறிவிப்பு ஒட்டினான். நெட்ரா தர்குட் இனிமேல் கம்பெனித் தோட்டா மட்டுமே சுடலாம், தான் நிரப்பியதை மைதானத்துக்குள் கொண்டுவரவே கூடாது. போட்டியில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு இடம் காலியாக விட்டு நின்றார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் வேலை. பள்ளி திறக்கப் போகிற சமயத்தில் மளிகைக் கடையில் ஒரு தாய் தன் தள்ளுவண்டியை நிறுத்தி, "பஸ் ஓட்டறப்போ எல்லாம் கவனமாத்தானே இருப்பீங்க?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். நெட்ரா வாங்க வந்த பாலை வாங்காமலே திரும்பிவிட்டாள்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது வேறு. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் செய்தேனா? எந்த நாள்? என்ன நினைப்பில் இருந்தேன்? அலமாரியில் நிரப்பி வைத்திருந்த தோட்டாக்கள் அத்தனையையும் எடுத்து, சுத்தியல் போல ஒரு கருவி இருக்கிறது, அதில் மாட்டிக் கான்கிரீட்டில் தட்டித் தட்டிக் குண்டைக் கழற்றி, ஒவ்வொன்றின் மருந்தையும் தராசில் போட்டாள். கை கொப்பளித்தது. ஒன்றில்கூட ஒரு பொடி அதிகமில்லை. அப்படியும் மனசு ஆறவில்லை. பிழை வெடித்த ஒன்றில் மட்டும் இருந்திருக்கலாமே. அந்த நாட்களில் வெர்ல் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்கைப் பிடித்தான். கழன்று விழுந்த குண்டுகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டான். "மனுஷங்கதானே நாம. விடு நெட்ரா, உன்னையே வதைச்சுக்காதே" என்று தேறுதல் சொன்னான். எவ்வளவு நல்ல புருஷன் என்று அவள் நினைத்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். 

சர்ச்சில் மன்னிப்புக் கிடைத்த வாரம் வெர்லே ஆரம்பித்தான். "தோட்டா நிரப்பற புது பிரஸ் மெஷின் ஒண்ணு வாங்கிடலாம். நல்லதா. உனக்கு என் பரிசு."

வெர்ல் தர்குட் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி உபயோகிக்கிற ஜாதி. கல்யாண நாளுக்குக் குப்பைக்கூடை வாங்கித் தந்தவன். அவன் வாயிலிருந்து நல்லது, பரிசு என்ற இரண்டு வார்த்தையும் ஒன்றாக வந்ததும் நெட்ரா ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பாவம், எனக்காக மனசு கஷ்டப்படுகிறான் என்று முடிவுகட்டினாள். பழைய எந்திரத்தின் முகத்தில் விழிக்கவே அவளுக்கும் பிடிக்காமல் போயிருந்தது. சரி என்றாள்.

அந்தப் பக்கத்தில் நிரப்பும் சாமான் வாங்க உருப்படியான கடை ஒன்றுதான் உண்டு. அது லமார் டோல்மனுடையது. கிளப்பில் அறிவிப்பு ஒட்டிய அதே லமார்.

"வாங்க, வாங்க, சகோதரி தர்குட்" என்றான். அறிவிப்புக்கு முன்னால் அவன் அவளை நெட்ரா, வா போ என்றுதான் கூப்பிடுவான். இப்போது மரியாதை கூடியிருந்தது.

"என்னோடது எதையும் உள்ள விடக்கூடாதுன்னு ஒட்டினவன் நீதானே? இப்ப எனக்கு மெஷின் விக்கப் போறதும் நீதானா?"

"அது கிளப். இது கடை" என்றான் லமார், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

"ஓஹோ. அங்க நான் கொலைகாரி, இங்க நான் கஸ்டமர்."

"நெட்ரா" என்று வெர்ல் அடக்கினான். "வந்த வேலையைப் பார்ப்போம்."

மூன்று எந்திரங்களை மரப்பலகையில் முறுக்கி நிறுத்தி வைத்திருந்தான் லமார். மூன்றுமே ஒரே வேலையைச் செய்பவைதான். நடுவில் வட்டத் தட்டு, அதன் விளிம்பில் கூடுகள். கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் ஒரு கூட்டில் பழைய பிரைமர் கழலும், அடுத்ததில் மருந்து விழும், அதற்கடுத்ததில் குண்டு இறங்கும். தட்டு ஒரு படி திரும்ப வேண்டும், பிறகு மறுபடி இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா. வித்தியாசம் தட்டு எப்படித் திரும்புகிறது என்பதில்தான்.

முதலாவதில் நாமேதான் கையால் திருப்ப வேண்டும். நெட்ரா வீட்டில் வைத்திருப்பதும் அந்த வகைதான், கொஞ்சம் பழசு. திருப்ப மறந்து இன்னொரு தரம் இழுத்தால் அதே கூட்டில் மறுபடியும் மருந்து விழும். இரண்டாவதில் கைப்பிடியோடு சேர்ந்து தட்டும் தானாகத் திரும்பிக்கொள்ளும். மூன்றாவது ராட்சசன். கூடுகளைத் தானே எடுத்து வைக்கும், மருந்து கூடினாலோ குறைந்தாலோ கத்தும்.

நெட்ரா முதலாவதன் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கைக்குப் பழக்கமான கனம். "இதுதான் எனக்குச் சரி. நான் திருப்பினாத்தான் திரும்பும். அப்பத்தான் கண்ணு அங்கயே இருக்கும். தானா சுத்தறது எல்லாம் ஆளைத் தூங்க வைக்கிற மெஷின்."

"இல்ல, இல்ல" என்று பாய்ந்து வந்தான் வெர்ல். "அந்தப் பெரிசை எடுப்போம். இல்லாட்டி அட்லீஸ்ட் நடுவுல உள்ளது."

"உனக்கு எதுக்கு இந்த அவசரம்? ஆயுசு பூரா சிவப்பு மெஷின்தான் மெஷின், நீலம் வாங்கறவன் கிறுக்கன்னு சொல்லிட்டிருந்தவன் நீ. இந்தப் பெரிசு நீலம்."

லமார் சிரித்தான். ஒவ்வொரு கம்பெனி எந்திரத்துக்கும் ஒரு நிறம், இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த நிறம்தான் கட்சி. டிராக்டர் விஷயத்தில்கூட அவ்வளவு சண்டை வராது. "வெர்ல் தர்குட் கட்சி மாறிட்டான்னு ஊருக்குச் சொன்னா நாளைக்கே கூட்டம் கூடிடும்" என்றான்.

வெர்ல் சிரிக்கவில்லை. ராட்சச எந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் பேச ஆரம்பித்தான். வட்டாரத்தில் வேட்டை லைசென்ஸ் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வகுப்பை எடுக்கிறவன் அவன்தான். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எங்கே காட்டக்கூடாது என்று கற்றுக்கொடுத்ததற்காக அவன் பெயரைப் பொறித்த பலகை ஒன்று வரவேற்பறையில் தொங்குகிறது.

"இதோட அருமை உனக்குப் புரியல. மனுஷ மனசு ஒரு இடத்துல நிக்குமா? இப்ப பாரு. பாதியில இழுத்துட்டிருக்கோம், மருந்து விழுந்தாச்சு, அப்பப் பார்த்து போன் வருது. பேசிட்டு வந்து உக்காரறோம். தட்டைத் திருப்பினமா இல்லையான்னு ஞாபகம் இருக்காது. சரி, திருப்பியிருப்போம்னு நினைச்சு இழுத்துடறோம். உன் மெஷின்ல அங்கயே கதை முடிஞ்சது. இதுல அந்தப் பேச்சே இல்ல. தட்டு தானா போயிடும்."

கடையில் வேறு யாரும் இல்லை. மூலையில் குளிர்பானப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நெட்ரா கைப்பிடியை விட்டாள்.

"யாருக்குப் போன் வந்தது?" என்றாள்.

"என்ன?"

"நான் நிரப்பற ரூமுக்குப் போன் வராது. கல்யாணம் ஆனதுலேருந்து உனக்குத் தெரியும். அப்ப யாருக்குப் போன் வந்தது, வெர்ல்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்..."

"ஒரு பேச்சுக்கு இவ்ளோ விவரமா வராது. தட்டைத் திருப்பினமா இல்லையான்னு ஞாபகம் இருக்காதுன்ன. திருப்பியிருப்போம்னு நினைச்சு இழுத்துடறோம்ன. யாரு இழுத்தது?"

வெர்லின் காது மடல்கள் சிவந்தன. பொய் சொல்லும்போது அவனுக்கு எதுவும் ஆகாது. மாட்டிக்கொண்டால் மட்டும் காது சிவக்கும். லமார் குனிந்து, சுத்தமாக இருந்த கண்ணாடி மேசையைத் துணியால் துடைக்கத் தொடங்கினான்.

அவள் வெளியே நடந்தாள். எந்திரம் எதுவும் வாங்கவில்லை.

பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவனே கொட்டிவிட்டான். லோகன் ஊரில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு நெட்ரா போயிருந்த வார இறுதி. தம்பி தோட்டா கேட்டுக்கொண்டே இருந்தான். நெட்ரா வந்ததும் கேட்கலாம் என்றுதான் வெர்லும் இருந்தான். ஆனால் எந்திரம் சும்மாதானே இருக்கிறது, பச்சைக் கோடு போட்ட அவள் கூடும் இருக்கிறது, இதில் என்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்துவிட்டான். நிரப்பியதை அவளுடைய டப்பாவிலேயே போட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்தேன் என்று தம்பியிடம் கொடுத்தான். யார் நிரப்பியது என்று தம்பி கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"போன் பண்ணினது யாரு?"

வெர்ல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். "டெல்வின்தான். வயல்ல தண்ணிக் குழாயை நகர்த்தணும், ஒரு கை குடுக்க வரியான்னு."

நெட்ராவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அது பாதியிலேயே அறுந்துபோயிற்று.

"விளக்குப் பிடிச்சியே" என்றாள். "நான் ஒவ்வொண்ணா உடைச்சு நிறுத்துட்டிருந்தப்போ பக்கத்துல உக்காந்து விளக்குப் பிடிச்சியே. என் கை கொப்பளிச்சப்போ மருந்து போட்டு விட்டியே. நான் பைத்தியம் மாதிரி, நான்தானா, நான்தானான்னு புலம்பினப்போ என்ன சொன்ன? மனுஷங்கதானே நாம! எந்த மனுஷனைச் சொன்ன?"

"சொல்லத்தான் நினைச்சேன். ஒவ்வொரு நாளும் நினைச்சேன். முதல் நாள் சொல்லியிருக்கணும். ரெண்டாவது நாள் கஷ்டமாப் போச்சு. அப்புறம்..." அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். "நான் பாதுகாப்பு வகுப்பு எடுக்கறவன், நெட்ரா. நானே இப்படிப் பண்ணினேன்னு தெரிஞ்சா எவன் என் வகுப்புக்கு வருவான்? ஊர்ல என் பேரு என்ன ஆகும்?"

"உன் பேரு. என் பேரு?"

"உனக்கு... உன்னை எல்லாருக்கும் பிடிக்கும். கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

அவனை அறைய வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் இவனுக்குத் துணி துவைத்துப் போட்டதும், இவன் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மலம் அள்ளியதும் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தன. இவன் யோசித்து, நிறுத்துப் பார்த்து, தன் பெயரை ஒரு பக்கமும் இவள் பெயரை ஒரு பக்கமும் வைத்து, இவளுடையதுதான் லேசு என்று முடிவு செய்திருக்கிறான்.

"சனிக்கிழமை" என்றாள். "எல்லாரும் நிக்கறப்போ சொல்லணும். நீயே சொல்லணும். இல்லாட்டி நான் சொல்லுவேன். நான் சொன்னா நீ சொல்ற மாதிரி பதவிசா இருக்காது."

"நெட்ரா, அவன் என் தம்பி..."

"வண்டியை எடு."

சனிக்கிழமை வரை வீட்டில் பேச்சில்லை. வெர்ல் தானே முட்டை பொரித்துத் தானே சாப்பிட்டான். வாணலியைத் தேய்க்காமல் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவள் அதைத் தேய்க்கவில்லை.

போட்டி தொடங்குமுன் எல்லாரையும் அரைவட்டமாக நிறுத்தி லமார் பாதுகாப்பு விதிகளைப் படிப்பான். கண்ணாடி போடு, காதை மூடு, துப்பாக்கி முனையைக் கீழே காட்டு. படித்து முடித்ததும், வேறு யாராவது ஏதாவது சொல்லணுமா என்பான். யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு வெர்ல் ஒரு அடி முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றினான். முகம் சாம்பல் பூத்திருந்தது. சொல்லத்தான் செய்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். எதையும் மறைக்காமல், லோகன், போன், தட்டு எல்லாவற்றையும் சொன்னான். "நெட்ரா எந்தத் தப்பும் பண்ணலை. எல்லாம் நான்தான்" என்று முடித்தபோது அவன் குரல் உடைந்தது.

நெட்ரா காத்திருந்தாள். இத்தனை வாரமாக அவள் மேல் விழுந்த பார்வைகள் எல்லாம் இப்போது அந்தப் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்தாள். அவனுக்கும் கொஞ்சம் சுடட்டும் என்றுதான் இருந்தது அவளுக்கு. அதில் அவளுக்கு வெட்கமில்லை.

டெல்வின்தான் முதலில் அசைந்தான். போய் அண்ணனின் தோளில் ஓங்கித் தட்டினான். "அட மடையா! இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்ச? யாருக்கு வேணா நடக்கறதுதானேடா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். "போனைப் போட்டவனே நான்தான். என் போன்தான் என்னைச் சுட்டிருக்கு!" என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள்.

லமார் வெர்லின் கையைக் குலுக்கினான். "இத்தனை பேர் முன்னால ஒத்துக்கறதுக்குப் பெரிய மனசு வேணும்யா" என்றான். இன்னொருவன், வெர்லின் வகுப்பில் இந்தக் கதையையே ஒரு பாடமாகச் சொல்லலாம் என்றான். யாரோ டோனட் பெட்டியைத் திறந்து அவன் முன்னால் நீட்டினார்கள். வெர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தான். மேலே தூவிய சர்க்கரை அவன் சட்டையில் கொட்டியது. ஒரு பெரிய பாரம் இறங்கிய முகத்தோடு மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

நெட்ராவிடம் யாரும் வரவில்லை. கூட்டம் கலையும்போது போகிற போக்கில் லமார், "அப்புறம் நெட்ரா, நீ இனிமே உன்னோடதையே கொண்டு வரலாம்" என்றான். சகோதரி தர்குட் மறுபடி நெட்ரா ஆகிவிட்டாள்.

"வெர்லுக்கு எப்ப ஒட்டப் போற?"

"எதை?"

"அறிவிப்பை. பேரைப் போட்டு, கதவுல."

லமார் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "அவன்தான் ஒத்துக்கிட்டானே."

"நான் பண்ணாததை ஒத்துக்கலைன்னுதான் எனக்கு ஒட்டினியா?"

"இதை இத்தோட விடு நெட்ரா. நல்ல நாள் அதுவுமா எதுக்குக் கிளறற? எல்லாம் சரியாயிடுச்சுல்ல."

கத்தினால், பொம்பளை கத்துகிறாள் என்பார்கள். அழுதால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்து தன் ரிவால்வரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். பக்கத்து இடம் இப்போது காலியாக இல்லை. எல்லாரும் ஒன்றுமே நடக்காததுபோல் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எதிர்ப் பெஞ்சில் வெர்ல் டோனட்டை முடித்து விரலை நக்கிக்கொண்டிருந்தான்.

டெல்வின் வந்தான். கட்டைவிரல் கட்டு இப்போது சிறிதாகிவிட்டது. கையில் ஒரு காலித் தோட்டா டப்பா.

"அப்பாடா, எல்லாம் தெளிவாயிடுச்சு" என்றான். "அடுத்த மாசம் போகாடெல்லோல பெரிய போட்டி. புது ரிவால்வர் வாங்கிட்டேன். பழையபடி எனக்கு ஒரு டப்பா போட்டுக் குடேன், நெட்ரா. உன்னோடது மாதிரி வராது."

"உங்க அண்ணன்கிட்டக் கேளு" என்றாள் அவள், துடைப்பதை நிறுத்தாமல்.

"யாரு, வெர்லா?" டெல்வின் கடகடவென்று சிரித்தான். "அவன் நிரப்பினதையா? விளையாடாதே! எனக்கு உருப்படியா மிச்சம் இருக்கறது ஒரு கட்டைவிரல்தான்."

இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சு வரிசை முழுக்க அது கேட்டிருந்தது. லமார் கையிலிருந்த காகிதத்தில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். டெல்வினின் வாய் திறந்தபடியே இருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு அப்போதுதான் மெல்ல எட்டியது.

நெட்ரா எழுந்தாள். டெல்வினின் கையிலிருந்து அந்தக் காலி டப்பாவை எடுத்து, எதிர்ப் பெஞ்சுக்குப் போய், வெர்லின் கையில் வைத்தாள்.

"யாருக்கு வேணா நடக்கறதுதானாம்" என்றாள். "உன் தம்பி சொன்னான். போட்டுக் குடு."

வெர்ல் டப்பாவைப் பார்த்தான், பிறகு தம்பியைப் பார்த்தான். போட்டுத் தரட்டுமா என்று கேட்கிற மாதிரி டப்பாவை அவன் பக்கம் நீட்டினான். டெல்வின் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.